நோயின் பெயர் மாறும்போது: வலிப்பும் இரண்டாம் கருத்தும்

நம் குடும்பங்களில் சர்க்கரையைப் பற்றிப் பேசுவார்கள், இரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேசுவார்கள். வலிப்பு என்றால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். கால் கை வலிப்பு என்ற சொல்தான் பேச்சு வழக்கில் காக்காய் வலிப்பு ஆயிற்று என்பார்கள். காக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதுபோலவே இரும்புச் சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவை பலருக்கும் தெரிந்தவையே. பலருக்குத் தெரியாதது வேறொன்று. முதலில் பார்த்த மருத்துவர் ஒரு நோயின் பெயரைச் சொல்லி மருந்து தொடங்கிவிடுகிறார். சில வாரம் கழித்து இன்னொருவர் அந்தப் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதுகிறார். அப்போது குடும்பம் என்ன செய்வது? அதைப் பற்றியே இக்கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். ஹெப்பகோடியில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவன். என் தங்கை மகனுக்காக மூன்று மருத்துவமனைகளின் படியேறியதில் தெரிந்துகொண்டதையும், அதன்பின் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. வலிப்பு என்பது காய்ச்சலைப் போன்றது. காய்ச்சல் வந்தது என்றால் டைபாய்டா, மலேரியாவா, வெறும் சளியா என்று அடுத்த கேள்வி உண்டல்லவா? வலிப்பிலும் அப்படியே. மூளையில் கட்டி, பழைய அடியின் வடு, இரத்தத்தில் சர்க்கரை அல்லது உப்புச் சத்துக் குறைவு, பிறவியிலேயே உள்ள மின்னோட்டக் கோளாறு என்று காரணம் பல. ஒருமுறை வலிப்பு வந்தவர் எல்லோரும் வலிப்பு நோயாளி ஆகிவிடுவதில்லை. உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2014-இல் வெளியிட்ட வரையறைப்படி, தூண்டுதல் ஏதுமின்றி 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வந்திருக்க வேண்டும். அல்லது ஒருமுறை வந்திருந்தாலும், அடுத்த 10 ஆண்டுகளில் மீண்டும் வர 100-க்கு 60 அளவாவது வாய்ப்பு இருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட ஒரு வகை வலிப்பு நோய் என்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் சங்கடம் என்னவென்றால், மருத்துவர் வலிப்பை நேரில் பார்ப்பது அபூர்வம். நாம் போய்ச் சேரும்போது பிள்ளை எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பான். தலையில் கம்பிகளை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. பரிசோதனை இருக்கிறதே என்பீர்கள். உண்மையில் வலிப்பு நோய் உள்ளவர்களில் பாதிப்பேருக்காவது முதல் இ.இ.ஜி. சாதாரணமாகவே இருக்கும். நோயே இல்லாத சிலருக்கு அதில் கோணல் கோடு தெரிவதும் உண்டு. ஆகவே நோயின் பெயரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பார்த்தவர் சொல்லும் வர்ணனைதான். வர்ணனை மாறினால் பெயரும் மாறும். ஒரு புதுப் படமோ பரிசோதனையோ வந்தாலும் மாறும்.

தங்கை மகனின் கதைக்கு வருகிறேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் 22 வயதுப் பையன். ஒரு நாள் ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தவனுக்கு வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு உடல் முழுவதும் இழுத்து நினைவு தப்பியது. வலது கையில் தொடங்கினால் மூளையின் இடப்பக்கத்தில் கோளாறு இருக்கலாம் என்று அர்த்தமாம். ஸ்கேனில் அதே இடத்தில் சிறிய வளையம்போல் ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று சொல்லி, காசநோய்க்கான நான்கு மருந்துகளையும், வலிப்புக்கு ஃபெனிடாயினையும் தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் மறுபடியும் வலிப்பு. இம்முறை வேறு மருத்துவமனை. அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தவர், வளையத்துக்குள் தெரியும் புள்ளியைக் காட்டி, "இது நாடாப்புழுவின் குஞ்சு, காசநோய் இல்லை" என்றார்.

தங்கை அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "ஒருத்தர் டி.பி.ங்கறாரு, இன்னொருத்தர் புழுங்கறாரு. நாம பன்னிக்கறி தொட்டதே இல்லையேண்ணா! இவரு பொய் சொல்றாரோ என்னமோ, பழைய மாத்திரையையே குடுத்துடட்டுமா?" என்றாள்.

இந்தக் கேள்வி தங்கை ஒருத்தியுடையது மட்டுமன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்திய மருத்துவ உலகமே இதே கேள்வியில் தடுமாறியது. 1980-களில் நம் நாட்டில் ஸ்கேன் இயந்திரங்கள் பரவத் தொடங்கியபோது, வலிப்புடன் வந்த பலருடைய மூளையில் இப்படிச் சிறிய ஒற்றைக் கட்டி தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு ஆகையால் அதைக் காசநோய்க் கட்டி என்றே கருதி, மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் கட்டி கரைந்திருக்கும். மருந்து வேலை செய்தது என்று எல்லோருக்கும் திருப்தி. ஆனால் மருந்தே எடுக்காதவர்களுக்கும் அது கரைந்தது! வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மூளை அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் துணைவர்களும் இத்தகைய கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை நாடாப்புழுவின் குஞ்சு இறந்துபோகும்போது உண்டாகும் வீக்கம் என்று தெரிந்தது. 1989-இல் லான்செட் என்ற ஆங்கில மருத்துவ ஏட்டில் இதை எழுதினார்கள். தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து போன அந்தச் செய்தி நாடு முழுவதும் மருத்துவம் செய்யும் முறையை மாற்றியது. இதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

அவர்கள் வகுத்த அடையாளங்கள் எளியவை. ஒற்றைக் கட்டியாக இருக்க வேண்டும், 20 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது. மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்படும் அளவுக்கு வீக்கம் இருக்கக் கூடாது. கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகக் கூடாது. தலைக்குள் அழுத்தம் ஏறியதன் அறிகுறி இருக்கக் கூடாது. உடலில் வேறெங்கும் காசநோய் இருக்கக் கூடாது. இவை எல்லாம் பொருந்தினால் அது பெரும்பாலும் புழுக்கட்டி. பொருந்தாவிட்டால் காசநோயையும் மற்றவற்றையும் தேட வேண்டும். அவற்றைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முதல் மருத்துவர் காசநோயை நினைத்ததே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். நம் நாட்டில் நினைக்காமல் இருப்பதுதான் தவறு.

பன்றிக்கறி விஷயத்துக்கும் விடை உண்டு. சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் முட்டை வெளியேறும். அந்த முட்டை கழுவாத கை வழியாகவோ, கீரை காய்கறி வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போனால்தான் மூளைக்குப் போகும் குஞ்சு உண்டாகிறது. அதாவது கறி தின்றவர் ஒருவர், வலிப்பு வருவது இன்னொருவருக்கு. முழுச் சைவருக்கும் வரும். நியூயார்க் நகரில் பன்றியைத் தொடாத வைதிக யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நால்வருக்கு இதே நோய் கண்டது 1992-இல் மருத்துவ ஏட்டில் வந்தது. அவர்கள் வீடுகளில் வேலை செய்த, இந்நோய் மிகுந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள் வழியாகப் பரவியிருக்க வேண்டும் என்று கண்டார்கள். தங்கைக்கு இதை விளக்கிய பிறகுதான் "அப்போ அவரு பொய் சொல்லலியா?" என்று மனம் இறங்கினாள். சாதி ஆசாரத்தை வைத்து மருத்துவரை எடைபோடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது இங்கே உதவாது.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதால் மூன்றாவது மருத்துவரிடம் போனோம். அவர் செய்தது மிகவும் சாதாரணமானது. இரண்டு ஸ்கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். 11 மில்லிமீட்டர். எடை குறைந்ததா, மாலைக் காய்ச்சல் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா என்று கேட்டார். மார்பு எக்ஸ்ரே பார்த்தார். புழுக்கட்டி என்பதே பொருத்தம் என்று சொல்லி, காசநோய் மருந்துகளை நிறுத்தினார். வலிப்பு மருந்தை நிறுத்தவில்லை. இடையில் வலிப்பு ஏன் வந்தது என்பதற்கும் அவர் சொன்ன விளக்கம் குறித்துக்கொள்ள வேண்டியது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து ஃபெனிடாயினைச் சீக்கிரம் உடலிலிருந்து வெளியேற்றும். அதே நான்கில் உள்ள ஐசோனியசிட் அதைத் தேக்கி வைக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதை இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். புழுக்கட்டிக்கு அல்பெண்டசோல் கொடுக்குமுன் கண் பரிசோதனைக்கு அனுப்பினார். கண்ணுக்குள் குஞ்சு இருந்து, அது மருந்தில் செத்து வீங்கினால் பார்வைக்கே கேடு. கடையில் ஐந்து ரூபாய் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பூச்சி மாத்திரைதானே என்று தாமாக வாங்கிக் கொடுப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

கன்னட நாட்டில் வாழும் நமக்கென்றே தனியாக ஒரு வில்லங்கம் உண்டு. அது மொழி. தமிழில் மூர்ச்சை என்றால் மயக்கம். கன்னடத்தில் மூர்ச்செ ரோகம் என்றால் வலிப்பு நோய்! எங்கள் தெருவில் வாணியம்பாடியிலிருந்து வந்த குடும்பத்தின் பெண், வயது 15. பள்ளியில் காலை வழிபாட்டில் வெயிலில் நின்றவள் முகம் வெளுத்து, வேர்த்து, சரிந்தாள். கையும் காலும் சில நொடி உதறின. அரை நிமிடத்தில் எழுந்து "என்ன ஆச்சும்மா" என்றாள். தாய் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் "மூர்ச்சை" என்று சொல்ல, சீட்டில் வலிப்பு என்று ஏறியது. மாத்திரையும் வந்தது. ஓர் ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர், இது நின்றபடி இரத்த ஓட்டம் குறைந்து வரும் சாதாரண மயக்கம் என்று மாற்றினார்.

மயக்கத்திலும் சில நொடி கைகால் உதறும் என்பது நம்மில் யாருக்கும் தெரிவதில்லை. நின்றிருந்தபோது வந்ததா, முகம் வெளுத்ததா, சட்டென்று தெளிந்ததா என்று பார்த்தால் மயக்கத்தின் பக்கம் சாயும். நாக்கின் ஓரம் கடிபட்டதா, முகம் நீலம் பாரித்ததா, தெளிந்த பின்னும் பல நிமிடம் பேதலித்திருந்தாளா என்று பார்த்தால் வலிப்பின் பக்கம் சாயும். இன்னும் ஒன்று: இதயத் துடிப்பின் கோளாறாலும் இப்படி விழுவார்கள். அது உயிரைக் குடிக்கக்கூடியது. சாதாரண இ.சி.ஜி. ஒன்று எடுத்தால் பல நேரம் அறிகுறி தெரியும். நினைவு தப்பி விழுந்த எவருக்கும், "இ.சி.ஜி. எடுத்தாயிற்றா?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் பொருள் உண்டு. வால்ப்ரோயேட் நல்ல மருந்துதான். ஆனால் கருவுற்ற காலத்தில் அதை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு சுமார் 10 பேருக்கு உடற்குறையும், 30 முதல் 40 பேருக்கு அறிவு வளர்ச்சியில் குறைபாடும் ஏற்படலாம் என்று கண்டிருக்கிறார்கள். வலிப்பே இல்லாத பெண் அதை விழுங்கிக்கொண்டிருந்தால் என்ன நியாயம்? வலிப்பு உண்மையாகவே உள்ள பெண்ணுக்கும், திருமணத்துக்கு முன்பே மருந்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இது நம் ஊர்க் குறை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகர மருத்துவமனை ஒன்றில் வலிப்புக்கு மருத்துவம் பெற்ற 1,948 குழந்தைகளின் குறிப்புகளை 2001-க்குப் பின் மறுபடி ஆராய்ந்தார்கள். 618 பேருக்கு நோய் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. எல்லா வசதியும் உள்ள தேசத்திலேயே இப்படி.

இரண்டாம் கருத்து கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போனால் மூன்றாவது பெயர் ஒன்றுதான் கிடைக்கும். முதல் நாளிலிருந்து உள்ள எல்லாச் சீட்டுகளும், ஸ்கேன் அறிக்கை மட்டுமன்றிப் படங்களும் குறுந்தகடும், இ.இ.ஜி. தாள்களும், தற்போது விழுங்கும் மாத்திரையின் அட்டையும் கையோடு இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலிப்பைக் கண்ணால் பார்த்தவர் கூட வர வேண்டும். எங்கள் பையனோடு அறையில் தங்கியிருந்த ஒடிசாக்காரப் பையனை ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று அழைத்துப் போனோம். "முதலில் வலது கை" என்று சொன்னது அவன்தான். தாய்க்கு அது தெரியாது, அவள் ஊரிலிருந்தாள். மொழி தடுமாறினால் "மூர்ச்சை", "பிட்ஸ்" என்ற பெயர்களையே சொல்லாமல், கண் திறந்திருந்ததா, எந்தப் பக்கம் இழுத்தது, எத்தனை நிமிடம் என்று நடந்ததை மட்டும் நடித்தே காட்டிவிடுங்கள்.

இன்று எல்லோர் கையிலும் கேமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. ஒருவர் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் தலை முதல் கால் வரை தெரியும்படி படம் பிடிக்கலாம். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் படம் எடுப்பதை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்த அரை நிமிடப் படம் பல பரிசோதனைகளைவிட மேல் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். மன அழுத்தம் காரணமாக வலிப்பைப் போலவே வரும் ஒரு நிலையும் உண்டு. அது நடிப்பன்று, அதற்கும் வைத்தியம் உண்டு, ஆனால் வலிப்பு மாத்திரை அதற்கு உதவாது. படம் பிடித்தபடியே இ.இ.ஜி. எடுக்கும் சோதனையில்தான் அது தெளிவாகும்.

எப்போது வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெய்க் குளியலின்போது தலையில் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றும்போது மட்டும் வலிப்பு வருகிறவர்கள் உண்டு. உலகில் அபூர்வமான இவ்வகை, தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில் அதிகம். பெங்களூரின் நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் துணைவர்களும் 1968-இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். இவர்களில் பலருக்குத் தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. காலையில் எழுந்தவுடன் கை வெட்டி டம்ளர் தெறிக்கிறது என்றால் அது வேறு வகை. அதற்குக் கார்பமசிபைன் கொடுத்தால் கூடிவிடும். இத்தகைய விவரத்தைச் சொல்லாவிட்டால் மருத்துவர் எப்படி அறிவார்?

இதற்கிடையில் ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். பெயர் மாறிவிட்டதே என்று வலிப்பு மாத்திரையை வீட்டிலேயே சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தியவுடன் விடாத வலிப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தவர்கள் உண்டு. வலிப்பு நோயே இல்லை என்று தெரிந்தாலும், மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஹெப்பகோடி, சந்தாபுரம், அத்திப்பள்ளிப் பக்கத்து நம்மவர்களுக்கு இதே ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1974-இல் இந்தப் பெயரில் அமைந்த மத்திய அரசு நிறுவனம். தமிழ் பேசும் நோயாளிகள் அங்கே நிறைய வருவார்கள், ஆகவே அஞ்ச வேண்டாம். விடியற்காலையில் கிளம்பிவிட வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு ஹெப்பகோடியில் ஏறி ஜெயதேவா நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தால் சில்க் போர்டு நெரிசலிலிருந்து தப்பலாம்.

முதல் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம் பலருக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில், வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உரிமை என்றே எழுதியிருக்கிறது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைத் தர வேண்டும். சண்டை போடத் தேவையில்லை. "ஐயா, இன்னொருவரிடமும் காட்டிவிட்டு உங்களிடமே வருகிறோம்" என்று சொல்லி ஒரு சுருக்கக் குறிப்பு கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள்.

பெயர் மாறியது உறுதியானால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாகன உரிமத்துக்கான உறுதிமொழிப் படிவத்தில் வலிப்போ திடீர் நினைவிழப்போ உண்டா என்ற கேள்வி இருக்கிறது. நம் பிள்ளைகள் சேரும் தொழிற்சாலைகளின் மருத்துவப் பரிசோதனையிலும் கேட்கிறார்கள். கல்யாணப் பேச்சில் யாராவது பழைய சீட்டை எடுத்து நீட்டுவதும் நடக்கிறது. வலிப்பு உள்ளவரின் திருமணத்தைத் தடுத்த சட்டப் பிரிவு 1999-இலேயே இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் அந்த உறவினர்களுக்குச் சொல்லிவைக்கலாம். வாணியம்பாடிக் குடும்பத்தார், இது வலிப்பு நோயன்று, இ.சி.ஜி. சரியாக உள்ளது, மருந்து இன்ன தேதியில் நிறுத்தப்பட்டது என்று எழுதிய அந்த ஒரு தாளை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைப் பள்ளியில் கொடுத்துவிட்டார்கள்.